‘வேண்டாம்’ பொத்தானை எடுத்த கதை

முப்பத்தொரு வயதில் ஓய்வுபெற்றவன் நான். எங்கள் மென்பொருள் திட்டத்தின் இணையப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்: ‘ஓய்வுபெற்ற பராமரிப்பாளர்’. அறுபதைத் தாண்டிய என் அப்பா இன்னும் மண்வெட்டியோடு நாற்றங்காலுக்குப் போய்வருகிறார். அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “பென்ஷன் உண்டாடா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப அது ரிட்டையர் இல்ல, வேலையை விட்டுட்டு வந்தது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விட்டுவிட்டு வந்தது உண்மைதான். இப்போது வாய்க்கால் மடைகளில் நீர்மட்டம் அளக்கும் சிறிய கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன், அதற்கே நேரம் போதவில்லை. ஆனால் பழைய இடத்திலிருந்து போன வாரம் யாழினி எழுதியிருந்தாள். நான் பார்த்த பொறுப்பை இப்போது அவள்தான் பார்க்கிறாள். புதிய பதிப்பில் மேலே இருக்கும் மெனு வரிசையை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்களாம், பயனர்கள் இணைய மன்றத்தில் தீ வைக்காத குறையாம். “அண்ணா, நீங்க இருந்தப்ப இதையெல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க? எங்களுக்கு ஒரு கட்டுரையா எழுதிக் கொடுங்க.”

மெனு வரிசையை எடுக்கலாமா கூடாதா என்று நான் சொல்லப்போவதில்லை. நான் எதையும் சமாளித்ததும் இல்லை. பயனர்களோடும் எங்கள் ஆட்களோடும், இரண்டு பக்கமும் சண்டை போட்டேன், அவ்வளவுதான். அதில் நல்ல சண்டை ஒன்று உண்டு. அதைச் சொல்கிறேன்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ‘வரப்பு’ என்பது பக்கம் வடிவமைக்கும் மென்பொருள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளி ஆண்டு மலர், எதையும் அதில் செய்யலாம். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நிரப்புவதால் அந்தப் பெயர். யாரும் காசு கொடுக்க வேண்டாம். அதன் நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். நாங்கள் சிலர் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே மிச்ச நேரத்தில் இதை எழுதினோம். புதிய பதிப்புகளைச் சோதித்து வெளியிடுவது என் பொறுப்பு.

நான் இதற்குள் வந்த கதை சின்னது. தஞ்சாவூரில் பொறியியல் படித்தேன். இரண்டாம் ஆண்டில் கல்லூரி விழா மலரை வரப்பில் செய்தபோது, ஒரு பக்கத்தில் படம் இடம் மாறி மாறிக் குதித்தது. கோபத்தில் நிரலைத் திறந்து பார்த்தேன். பிழை தெரிந்தது. திருத்தி அனுப்பினேன். யாரோ ஏற்றுக்கொண்டார்கள். நான் திருத்திய ஒரு வரி ஊர் பேர் தெரியாதவர்களின் கணினியில் எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு படிப்பு ஒரு ஓரமாக நடந்தது.

அந்த வரியை ஏற்றுக்கொண்டவர் ஜெபராஜ் சார். வரப்பைத் தொடங்கியவர் அவர்தான். தஞ்சாவூர் லுத்தரன் குடும்பம், பெங்களூரில் வேலை. பத்தொன்பது வயதுப் பையனாக நான் இருந்தபோதும் “கதிர், நீங்க சொல்லுங்க” என்றுதான் பேசுவார். அந்த மரியாதையில் மயங்கிவிடக் கூடாது. அதே மரியாதையோடு நம் ஒரு மாத உழைப்பைக் குப்பையில் போடுவார். நாம் எழுதி அனுப்பிய நிரலைத் தொலைபேசி அழைப்பில், சர்ச்சில் வேத பாடம் வாசிக்கிற குரலில் ஒவ்வொரு வரியாக வாசிப்பார். பிடிக்காத வரி வந்தால் நிறுத்திவிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். நாமே “அது வந்து சார்...” என்று ஆரம்பித்து, பாதியில் தப்பு புரிந்து, “மாத்திடறேன் சார்” என்று முடிப்போம். “நன்றிங்க” என்பார்.

பயனர் எவ்வளவு கெட்ட வார்த்தையில் புகார் எழுதியிருந்தாலும் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். நீங்கள் என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் யாரும் நிரலைத் தொடக் கூடாது. இன்னொரு பிடிவாதமும் உண்டு. எதற்கும் விருப்பத் தேர்வு வைக்க மாட்டார். “இப்படியும் வச்சுக்கலாம், அப்படியும் வச்சுக்கலாம்னு டிக் அடிக்க ஒரு பெட்டி வச்சீங்கன்னா, ரெண்டையும் காலத்துக்கும் நாமதான் காப்பாத்தணும். முடிவெடுக்கத் தைரியம் இல்லாதவங்கதான் பெட்டி வைப்பாங்க.”

என் பங்குக்கு ஒரு முறை வைத்திருந்தேன். பதிப்பு வெளிவருவதற்கு முன் புது நிரல் எதையும் சேர்க்காமல் கதவைச் சாத்திவிடுவேன். பிறகு அதை என் நல்ல மடிக்கணினியில் சோதிக்க மாட்டேன். தஞ்சாவூர் கீழவாசலில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு மேசைக் கணினி இருந்தது. நினைவகம் குறைவு, விசிறி உறுமும், கீபோர்டில் இரண்டு விசைகளில் எழுத்தே அழிந்திருக்கும். அதில் ஊர்க் கடைகளிலிருந்து வாங்கி வந்த பென் டிரைவைச் செருகி, நிஜமான பத்திரிகைக் கோப்புகளைத் திறந்து, மாற்றி, அச்சடித்துப் பார்ப்பேன். அந்தக் கிழட்டு இயந்திரத்தில் ஓடினால் டெல்டா முழுக்க ஓடும். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அந்தப் பென் டிரைவ்களில் பாதி லூர்து அக்கா கடையிலிருந்து வந்தவை.

லூர்து மேரி அக்காவுக்கு ஒரத்தநாட்டில் டி.டி.பி. கடை. கணிதம் படித்தவர், இரண்டு கணினி, ஒரு பெரிய பிரிண்டர், கடைத்தெருவுக்கே கேட்கிற குரல். எங்கள் ஊர் அங்கிருந்து பக்கம். திருட்டுக் காப்பி மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த அவர் கடையை வரப்புக்கு மாற்ற நான் ஒரு கோடை முழுக்க நடந்தேன். அவர் மாறியதும் மற்றக் கடைகள் தானாக வந்தன. பட்டுக்கோட்டை வரை டி.டி.பி. கடைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் அக்கா எது சொன்னாலும் அதுதான் நடப்பு. ஊர் ஊராக மென்பொருளைக் கொண்டுபோவது என் கனவு என்றால், அந்தக் கனவு உட்கார்ந்திருந்தது அவர் கடை மேசையில்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சண்டை புரியாது. அவர் எதையும் வெற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டார். டெல்டாவில் எந்தக் கடையிலும் ஆரம்பிக்க மாட்டார்கள். பழைய கோப்பு ஒன்றைத் திறப்பார். அதற்குத் ‘தாய்’ என்று பெயர். பெயரை மாற்றுவார், தேதியை மாற்றுவார், படத்தை மாற்றுவார், அச்சடிப்பார். மூடும்போது மென்பொருள் கேட்கும்: ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ அவர் ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்துவார். தாய் பழையபடி இருக்கும். அடுத்த சாவுக்கு, அடுத்த கல்யாணத்துக்கு அதே தாய். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த ‘வேண்டாம்’ என்று அவருக்கே தெரியாது. கை அதுவாகப் போகும்.

நாங்கள் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டோம்.

ஏன் எடுத்தோம் என்பதற்கு நல்ல காரணம் இருந்தது. வேதாரண்யம் பக்கம் ஒரு தமிழாசிரியர், பள்ளி ஆண்டு மலரை வரப்பில் செய்துகொண்டிருந்தார். கடைசி நேரத்தில் மூடும்போது கை தவறி ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டார். பிள்ளைகள் எழுதிய கதை, கவிதை எல்லாம் போயிற்று. அவர் ஜெபராஜ் சாருக்குத் திட்டி எழுதவில்லை. “என் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை ஐயா” என்று ஒரே வரி எழுதினார். அந்த வரி சாரைத் தூங்கவிடவில்லை. “ஒரு கேள்வி கேட்டு, தப்பான பதில் சொன்னா எல்லாம் போயிடும்னு வச்சிருக்கோமே, அது கேள்வி இல்ல கதிர், குழி” என்றார். புதிய பதிப்பில் கேள்வியே கிடையாது. எழுத எழுத அந்தக் கோப்பிலேயே தானாகச் சேமித்துவிடும். கைபேசியில் எல்லாம் அப்படித்தானே. முன்கூட்டியே அறிவித்தோம், சோதனைப் பதிப்பு விட்டோம். அறிவிப்பைப் படிக்கிற பழக்கம் எந்தக் கடையில் இருக்கிறது? பதிப்பு வந்தது. முதல் சில நாட்கள் பாராட்டு மழை.

பிறகு அக்காவின் தொலைபேசி வந்தது.

“கதிரு, எங்க இருக்க?”

“வீட்டுலதான்க்கா.”

“நீ போட்டுட்டுப் போன சாமான் என் மானத்தை வாங்கிடுச்சு. கிளம்பி வா.”

போனபோது கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கோவிந்தராஜ், பக்கத்துக் கிராமம். கையில் சுவரிலிருந்து கிழித்து வந்த போஸ்டர், பசை இன்னும் ஈரமாக இருந்தது. மற்றவர் அதே ஊரில் வேறொரு வீட்டு மாப்பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் ஒரு வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். அதனால் இருவரும் அடுத்தடுத்து நின்றுகொண்டு அக்காவிடம் மட்டும் பேசினார்கள்.

“எங்க அம்மா போய் ரெண்டு நாள்தான் ஆவுது,” என்றார் கோவிந்தராஜ். “அதுக்குள்ள அவங்க வீட்டுப் பெரியவருக்கு நாங்க குடும்பத்தோட கண்ணீர் விடறதாப் போட்டிருக்கீங்களே, நல்லாருக்காங்க?”

“அக்கா, அவருகிட்ட சொல்லுங்க,” என்றார் மாப்பிள்ளை. “எங்க மாமனாருக்கு அழ எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. வெளியில கைமாத்து வாங்க வேண்டியதில்ல.”

“நாங்க அழறதா இருந்தா மடையை அடைச்சப்பவே அழுதிருப்போம்னு சொல்லுங்க.”

“ரெண்டு பேரும் என்னைத் திட்டுங்க,” என்றார் அக்கா. “தப்பு என் கடையில நடந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள வேற போஸ்டர் ஒட்டியிருக்கும். உங்க வீட்டுக்கும் வந்து சொல்றேன், அவங்க வீட்டுக்கும் வந்து சொல்றேன்.”

நடந்தது எனக்குப் பார்த்த உடனே புரிந்தது. அக்காவின் கண்ணீர் அஞ்சலித் தாயில் கீழ்ப்பகுதியில் ‘குடும்பத்தார், உற்றார், உறவினர்’ என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். அவசரத்தில் வருகிறவர்களுக்கு அதுவே போதும். கோவிந்தராஜ் வீட்டில் அந்த இடத்தில் எல்லார் பெயரும் கேட்டார்கள், போட்டார், அச்சடித்தார், மூடினார். எங்கள் புதிய பதிப்பு அதை அப்படியே தாயின் மேலேயே சேமித்துவிட்டது. அடுத்த நாள் அந்த இன்னொரு வீட்டில் சாவு. அக்கா படத்தை மாற்றினார், பெயரை மாற்றினார், தோற்றம் மறைவு தேதிகளை மாற்றினார். கீழ்ப்பகுதியை அவர் பார்க்கவில்லை. அது வருஷக் கணக்காக மாறாத இடம். பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

இருவரும் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். “இப்ப சொல்லு. நான் என்ன தப்பு பண்ணேன்?”

பசை வாளிக்காரரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அக்கா புதுப் போஸ்டர் ஒட்ட பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கடையாக அலறியது. ஒருவருக்குத் திருவிழா நோட்டீஸ் தாய் போயிற்று, ஒருவருக்குக் காதுகுத்துத் தாய். மன்றத்தில் பயனர்கள் எழுதியது அச்சில் போட முடியாதது. எங்கள் ஆட்களில் ஒருவனுக்குப் பொறுமை போய், “பிடிக்காதவர்கள் கொடுத்த காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்” என்று எழுதிவிட்டான். அது படம் பிடிக்கப்பட்டு, கடைக்காரர்கள் குழுவில் போய் விழுந்தது. அக்கா அதை எனக்கு அனுப்பவில்லை, நேரில்தான் கேட்டார்.

“இலவசமா வேணும்னு நாங்க வந்து கேட்டமாப்பா? நீதானே வெயில்ல அலைஞ்சு போட்டுட்டுப் போன?”

“அவன் ஏதோ கோவத்துல எழுதிட்டான்க்கா.”

“கோவம் வரட்டும். காசு வாங்கியிருந்தா ஒழுங்காப் பதில் சொல்லுவீங்க, வாங்காததால எங்களுக்குக் கேக்கிற உரிமை இல்லைங்கறீங்க. அப்படின்னா நான் காசு கொடுக்காத திருட்டுக் காப்பியே தேவலாம். அதுல இருக்கறவன் என்னை அவமானப்படுத்தல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகையெல்லாம் மார்கழியிலதான் அடிக்கணும். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் சேகரை வரச் சொல்லிட்டேன். பழசைப் போட்டுட்டுப் போயிடுவான்.”

சேகர் என்பவர் கடை கடையாகக் கணினி பழுது பார்க்கிறவர். அக்கா போனால் குழுவே போகும். மற்றக் கடைகளுக்கும் சேகர்தான் போவார், அதே திருட்டுக் காப்பிப் பென் டிரைவோடு.

ஜெபராஜ் சாரைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டார். மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. “வருத்தமா இருக்கு கதிர். ஆனா பழைய கேள்வியைக் கொண்டுவர மாட்டேன். தாய்க் கோப்புன்னு அவங்களே அடையாளம் வச்சுக்கட்டும். அடையாளம் வச்சதைத் திறந்தா நகல்தான் திறக்கும். அது போதும்.”

நியாயமான யோசனை. எனக்கும் பிடித்திருந்தது. அக்காவிடம் ஓடினேன்.

“எதுக்கு அடையாளம் வைக்கிறது?” என்றார்.

“தாய்க்குத்தான்க்கா.”

“எது தாய்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? இன்னிக்கு ஒருத்தருக்குப் பத்திரிகை அடிக்கிறேன். அது வெறும் பத்திரிகை. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து, ‘அந்த சுந்தர் வீட்டுப் பத்திரிகை மாதிரி வேணும்’னு சொல்றாரு பாரு, அப்பத்தான் அது தாய். யார் எதைக் கேப்பாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா நான் ஏன் கடை வச்சிருக்கேன், ஜோசியம் பாக்க மாட்டேனா?”

வண்டியில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மாதிரி ஒரு வாக்கியம் கிடைப்பதற்குத்தான் ஒருவன் கடை கடையாக அலைய வேண்டும். அடையாளம் வைக்கும் யோசனை அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று.

நானே எழுத உட்கார்ந்தேன். யோசனை எளிது: தானாகச் சேமிக்கட்டும், ஆனால் திறந்த கோப்பின் மேல் எழுதாமல், பக்கத்தில் ஒரு வரைவாக வைக்கட்டும். நாமாகச் ‘சேமி’ என்று சொன்னால் மட்டும் அசலைத் தொடட்டும். எழுதி அனுப்பினேன். அழைப்பில் சார் வாசிக்கத் தொடங்கினார். நாலாவது வரியில் நின்றார்.

“சார்?”

“கோவத்துல எழுதியிருக்கீங்க. பழைய நிரல்ல எதையெல்லாம் எடுக்கணுமோ அதையெல்லாம் எடுக்காம, மேல ஒரு கூரை போட்டு மூடியிருக்கீங்க. திரும்ப எழுதுங்க.”

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. திரும்ப எழுதினேன். இரண்டாம் முறை கடைசி வரி வரை வாசித்தார். “இது நல்லாருக்கு. வரைவை ஒரு மாசம் வரைக்கும் ஒரு அலமாரியில போட்ட மாதிரி வச்சிருந்து காட்டுவோம். அசலும் போகாது, வேலையும் போகாது. மூடும்போது ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல.”

“அக்கா அந்தக் கேள்வியைத்தான் சார் திரும்பக் கேக்கறாங்க.”

“அவங்க தாய் பத்திரமா இருக்கணும்னு கேக்கறாங்க. அது கிடைச்சிடுச்சு. கேள்வியில நான் இறங்கி வர மாட்டேன்.”

“அப்ப நேர்ல வந்து அவங்ககிட்ட சொல்லுங்க சார். கிறிஸ்துமஸுக்குத் தஞ்சாவூர் வரீங்கள்ல?”

வருவார் என்று நான் நினைக்கவில்லை. பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். கையில் அவர் அம்மா கொடுத்தனுப்பிய கேக் டப்பா. என் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஒரத்தநாடு வரை இரண்டு பக்கமும் தாளடி நடவு பச்சை பிடித்திருந்தது.

கடைக்குள் நுழைந்தால் சேகர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், மடியில் பை, விரலில் பென் டிரைவ் கயிறு.

“வாங்க சார்,” என்றார் அக்கா. “பெங்களூர்லேர்ந்து என்னைத் திட்டறவங்க தலைவர் நீங்கதானா?”

“ஆமாங்க மேடம்,” என்றார் ஜெபராஜ் சார். “அந்தப் பையன் எழுதினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“மேடம்லாம் வேணாம். லூர்துன்னே சொல்லுங்க. கேக்குல முட்டை போட்டிருக்கா? சேகர் மாலை போட்டிருக்கான்.”

புதிய நிரலை அக்காவின் கணினியில் ஏற்றினேன். அதற்குள் ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்டு வந்தார். சொல்லிவைத்த மாதிரி, “நம்ம சுந்தர் வீட்டுப் பத்திரிகை மாதிரியே வேணும், ஆனா அந்த மயில் வேணாம்” என்றார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். மயில் போயிற்று, பெயர்கள் மாறின. சார் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் சாய்ந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி வேலையில், “ஒரு சோதனைங்க. கரண்டைப் பிடுங்கிப் பார்க்கலாமா?” என்றார்.

“பிடுங்குங்க. போச்சுன்னா கதிருதான் உக்காந்து டைப் அடிக்கணும்.”

பிடுங்கினேன். திரை கறுத்தது. பத்திரிகைக்கார அம்மா “ஐயய்யோ” என்றார். மறுபடி உயிர் வந்து வரப்பைத் திறந்ததும், விட்ட இடத்தில் பாதிப் பத்திரிகை அப்படியே நின்றது. சுந்தர் வீட்டுக் கோப்பைத் தனியாகத் திறந்தோம். மயில் அதன் இடத்தில் இருந்தது.

“இது நல்லாருக்கு சார்,” என்றார் அக்கா. “கரண்டு போறப்பல்லாம் நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இது நிஜமாவே நல்லாருக்கு.”

ஜெபராஜ் சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அக்கா வேலையை முடித்தார், அச்சடித்தார், அந்த அம்மாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், மூலையில் இருந்த குறியை அழுத்தி மூடினார். ஜன்னல் மறைந்தது. அவர் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

“கேள்வி எங்க?”

“கேக்கத் தேவையில்லைங்க,” என்றார் சார். “அசல் பத்திரமா இருக்கு. நீங்க இப்ப மாத்தினது அலமாரியில இருக்கு. எதுவும் போகாது.”

“அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க அப்படி எழுதியிருக்கோம்.”

“போன தடவையும் நீங்க எழுதினதுதான்.” அக்கா குரலை உயர்த்தவில்லை. அதுவே அந்தக் கடையில் புதிது. “சார், அந்த போஸ்டருக்கு ரெண்டு வீட்டுக்கும் போய் நான் நின்னேன். ஒரு வீட்டுல உள்ளேயே கூப்பிடல. தப்பு பண்ணிட்டு நிக்கறது எனக்குப் புதுசில்ல, கடைன்னா வரும். ஆனா அன்னிக்கு நான் எந்தப் பொத்தானையும் அமுக்கல. அமுக்காத தப்புக்கு நின்னேன்.”

“தப்பா அமுக்கறவங்களும் இருக்காங்கம்மா. வேதாரண்யத்துல ஒரு வாத்தியார்...” என்று தொடங்கி அந்த மலரின் கதையைச் சொன்னார். அக்கா முழுவதும் கேட்டார்.

“பாவம்தான்,” என்றார். “அவரு அமுக்கினது போகாம நீங்க காப்பாத்துங்க. அதுக்காக நான் அமுக்கறதை ஏன் பிடுங்கறீங்க? ‘வேண்டாம்’னு என் விரலால அமுக்கினாத்தான் எனக்கு ஒரு வேலை முடியுது.”

பத்திரிகைக்கார அம்மா கூட மஞ்சள் தாளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“அலமாரி இப்ப இருக்குல்ல,” என்றார் சார், எனக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை. “அப்ப ‘வேண்டாம்’னு அமுக்கினாலும் அது அலமாரிக்குத்தான் போகும். கேள்வி இருந்தாலும் குழி இல்ல.” என் பக்கம் கையை நீட்டினார். “மடிக்கணினியைக் கொடுங்க கதிர்.”

விருப்பத் தேர்வுப் பெட்டி வைக்கவில்லை. அதை அவர் அன்றைக்கும் செய்யவில்லை. ஏற்கெனவே இருந்த கோப்பைத் திறந்து மாற்றினால், மூடும்போது எல்லோரிடமும் கேட்கும். ‘வேண்டாம்’ என்றால் அசல் அசலாக இருக்கும், மாற்றியது ஒரு மாதம் அலமாரியில் கிடக்கும். மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவரே அடித்தார். சேகர் முட்டை போடாத பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் கணினியில் ஏற்றினோம். சுந்தர் வீட்டுப் பத்திரிகையை மறுபடி திறந்தார். மணமகன் பெயரை அழித்து வேண்டுமென்றே என் பெயரைப் போட்டார். மூடினார். ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று வந்தது. ‘வேண்டாம்’ என்று அழுத்தினார். கோப்பைத் திறந்து, அழித்த மணமகன் பெயர் திரும்ப இருப்பதைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், கீழே வரவேற்பவர்கள் வரை இழுத்துப் பார்த்தார். மறுபடி மூடினார்.

சேகர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அக்கா, நான் எந்த மெஷின்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்?”

அக்கா அடுத்த கோப்பைத் திறந்துகொண்டே சொன்னார்: “வந்தது வந்துட்ட. பிரிண்டர் ஒரு வாரமாத் தாளைக் கசக்குது, அதைக் கொஞ்சம் பாரேன்.”

சேகர் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிரிண்டரின் மூடியைத் தூக்கினார்.